பறவைக்குப் போட்ட திராட்சை

1967-ஆம் வருஷம். வட இத்தாலியில் பியமாண்ட் மாநிலம். அதில் ரொயேரோ என்கிற மணல் குன்றுப் பிரதேசம். ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து ஜனங்கள் வீட்டுக்குக் கிளம்புவதற்குள் பாதிரியார் ஓர் அறிவிப்பு செய்கிறார். கல்யாண அறிவிப்பு இல்லை. காணிக்கை சமாசாரமும் இல்லை. யார் தோட்டத்திலாவது ஆர்னெய்ஸ் என்கிற வெள்ளைத் திராட்சை இருந்தால் கொண்டுவந்து கொடுக்கலாம், ஆல்ஃபிரடோ குர்ராடோ என்பவர் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வார் என்பது அதன் சாரம்.

கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். நான் அங்கே இருந்திருந்தால் நிச்சயம் சிரித்திருப்பேன். ஏனென்றால் அந்தக் காலகட்டத்தில் ஆர்னெய்ஸை மனுஷர்கள் சீந்துவதில்லை. அது பறவைகளுக்காக விட்டு வைத்த திராட்சை!

விஷயம் இதுதான். அந்தப் பக்கத்து ராஜா, நெபியோலோ என்கிற கறுப்புத் திராட்சை. தனாரோ ஆற்றுக்கு அக்கரையில் பரோலோ என்கிற புகழ்பெற்ற சிவப்பு ஒயினை அதில்தான் செய்கிறார்கள். ராஜா என்பதால் எல்லாமே லேட். பழுத்து முடிப்பதற்குள் அக்டோபர் வந்துவிடும். அதுவரை குருவிகள் சும்மா இருக்குமா? அதனால் விவசாயிகள் ஒரு உபாயம் செய்தார்கள். நெபியோலோ வரிசைகளுக்கு நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆர்னெய்ஸை நட்டார்கள். அது முன்னாலேயே பழுக்கும். தித்திப்பு அதிகம். பறவைகள் அதைத் தின்றுவிட்டு, ராஜாவை விட்டுவிடும். ஆடிட் சமயத்தில் ஆடிட்டரைத் தனி ரூமில் உட்கார வைத்து முந்திரி பக்கோடாவும் ஃபில்டர் காபியும் சப்ளை செய்வோமே, அதே டெக்னிக்.

ஆர்னெய்ஸ் என்ற பெயருக்கே அந்த ஊர் பேச்சு வழக்கில் 'வால் பையன்' என்கிற மாதிரி அர்த்தம். வளர்க்கப் படுத்தும் பாட்டைப் பார்த்து வைத்த பெயர்.

குர்ராடோ, வியெட்டி என்ற ஒயின் குடும்பத்தின் மாப்பிள்ளை. மாமனார் வீட்டு பிஸினஸைக் கையில் எடுத்தவர். சுற்றிலும் எல்லோரும் சிவப்பு ஒயினே செய்துகொண்டிருக்க, இவருக்கு ஊர்த் திராட்சையிலேயே ஒரு வெள்ளை ஒயின் செய்ய வேண்டும் என்று ஆசை. மூட்டை கட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாக அலைவதை விட, ஊரே கூடுகிற இடத்தில் தண்டோரா போட்டால் ஆயிற்று என்று பாதிரியாரைப் பிடித்தார். திராட்சை வந்தது. ஒயினும் வந்தது. இன்றைக்கு ரொயேரோவில் ஆயிரம் ஹெக்டேர் அளவுக்கு ஆர்னெய்ஸ் நிற்கிறது. குருவிகளுக்கு வேறு ஏற்பாடு ஏதாவது செய்தார்களா, தெரியாது.

*

உனக்கு ஏன் அய்யா இந்த ஒயின் வம்பு என்று கேட்பீர்கள். நியாயம்தான். நான் படித்தது பி.காம். எனக்குத் தெரிந்த ஒரே பழைய சரக்கு, விற்காமல் குடோனில் கிடக்கிற டெட் ஸ்டாக்தான்.

வம்பு ஒரு பாட்டிலில் ஆரம்பித்தது. கம்பெனி வேலையாக மிலான் போய்விட்டு வந்த நண்பர் ஒருவர், வீட்டுக்கு நாலைந்து பேரைக் கூப்பிட்டிருந்தார். எல்லோரும் ஆபீஸ்காரர்கள். நடுவில் ஒரு வெள்ளை ஒயின் பாட்டில். லேபிளில் 'டெர்டோனா' என்று எழுதியிருந்தது. (நம்மூர் பாட்டில்களில் 'மது நாட்டுக்கு வீட்டுக்கு உயிருக்குக் கேடு' என்று தெளிவான தமிழில் போட்டிருந்தார்கள். இதில் அந்த வசதி இல்லை. நீங்களாகவே நினைத்துக்கொள்ளவும்.)

"ஷார்டனே இல்லையா சார்?" என்றார் ஒருத்தர், ஏமாற்றத்துடன். அவருக்குத் தெரிந்த வெள்ளை ஒயின் அது ஒன்றுதான். எனக்கு அதுவும் தெரியாது.

இன்னொருத்தர் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனவர், அப்படியே கீழே வைத்துவிட்டார். "என்னங்க, மண்ணெண்ணெய் வாடை அடிக்குது? கெட்டுப்போச்சு போல."

நண்பர் முகம் சுருங்கிவிட்டது. பாவம், பேக்கேஜில் துணிக்கு நடுவில் சுற்றி வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். பாதிக்கு மேல் அப்படியே மிஞ்சியது. "நீங்களே எடுத்துட்டுப் போங்க" என்று என் கையில் கொடுத்துவிட்டார். எதையும் ரைட் ஆஃப் செய்ய மனசு வராத ஜாதி நான். கொண்டுவந்து ஃப்ரிட்ஜ் கதவில், மோர் பாட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். அப்புறம்தான் அது என்ன ஏது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் பாதி ராத்திரித் தூக்கம் போனது.

முதலில் ஒரு சின்ன விஷயம். வெள்ளை ஒயின் வெள்ளையாக இருப்பதற்கு வெள்ளைத் திராட்சை வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. அநேகமாக எல்லாத் திராட்சையிலும் சாறு நிறமில்லாமல்தான் இருக்கும். நிறம் தோலில் இருக்கிறது. தோலோடு ஊற வைத்தால் சிவப்பு. பிழிந்து தோலை விலக்கிவிட்டால் வெள்ளை. ஷாம்பேனில் பாதிக்குமேல் கறுப்புத் திராட்சைச் சாறுதான். ஆனாலும் நான் சொல்ல வந்த கதை, பிறவியிலேயே வெளுத்த திராட்சைகளைப் பற்றியது.

இரண்டாவது விஷயம்தான் முக்கியம். கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை போட்டிருக்கும் யாரையாவது கேட்டுப் பாருங்கள். விதை ஊன்றமாட்டார். கொடியிலிருந்து குச்சி வெட்டி நடுவார். ஏனென்றால் விதையில் முளைக்கிற செடி தாயைப் போல இருக்காது. அண்ணன் தம்பிகள் மாதிரி, ஆளுக்கொரு குணம். அதே பழம் வேண்டுமென்றால் அதே கொடியின் குச்சிதான் வேண்டும். (2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் பன்னீர் திராட்சைகூட மஸ்கட் ஹாம்பர்க் என்கிற ஐரோப்பியக் கொடியின் குச்சிதான். அதன் அப்பா அம்மாவில் ஒன்று, அலெக்ஸாண்ட்ரியா மஸ்கட் என்கிற மிகப் பழைய வெள்ளைத் திராட்சை.)

இதன் அர்த்தம் என்ன? உலகத்தில் இருக்கிற அத்தனை ஷார்டனே கொடிகளும் எப்போதோ, எங்கேயோ முளைத்த ஒரே ஒரு செடியின் துண்டுகள். கலிஃபோர்னியாவில் நிற்பதும் அதே செடி; ஆஸ்திரேலியாவில் நிற்பதும் அதே செடி. மனுஷன் குச்சி வெட்டி வெட்டி நட்டுக்கொண்டு வருகிற வரைக்கும் சாகாது. ஒரு தலைமுறை, 'போதும்பா' என்று நிறுத்திவிட்டால் முடிந்தது. கடைசிக் கொடியைப் பிடுங்கி அடுப்பில் வைத்த அன்றைக்கு அந்த ரகம் காலி. விதையை டப்பாவில் போட்டு வைத்து, பேரன் காலத்தில் முளைக்க வைக்கிற கதையெல்லாம் இதில் நடக்காது.

அப்படி நிறுத்த வைத்தது ஒரு பூச்சி. ஃபிலாக்ஸெரா. கண்ணுக்குச் சரியாகக்கூடத் தெரியாத அளவு. 1860-களில் அமெரிக்காவிலிருந்து செடிகளோடு சேர்ந்து பிரான்ஸுக்கு வந்து, வேரைத் தின்ன ஆரம்பித்தது. 1879-ல் இத்தாலி. ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்கள் பெரும்பாலும் படுத்துவிட்டன. கடைசியில் அமெரிக்கக் கொடியின் வேர் மேல் ஐரோப்பியக் கொடியை ஒட்டுப் போட்டுத் தப்பித்தார்கள். ஆனால் ஒட்டுப்போட்ட நாற்று காசு கொடுத்து வாங்க வேண்டியது. தோட்டம் முழுக்கப் புதிதாக நட வேண்டும். அந்த இடத்தில் எந்த விவசாயியும் என்ன செய்வான்? நிறையக் காய்க்கிற, சீக்கிரம் விலை போகிற ரகத்தைத்தான் நடுவான். தாத்தா ஆசையாக மூலையில் வைத்திருந்த நோஞ்சானுக்கு எவன் செலவு செய்வான்?

அதற்கப்புறம் இரண்டு யுத்தங்கள். பிறகு தொழிற்சாலைகள். மலைச்சரிவில் குனிந்து கவாத்து செய்வதைவிட டூரினில் ஃபியட் கார் ஃபேக்டரியில் மாசச் சம்பளம் மேல் என்று பையன்கள் இறங்கிப் போய்விட்டார்கள். நானும் நீங்களும் போயிருப்போம். போயிருக்கிறோம்.

சர்வதேச ஒயின் அமைப்பு ஒன்று 2017-ல் கணக்குப் போட்டது. தெரிந்த திராட்சை ரகங்கள் பத்தாயிரம். ஆனால் உலகத் திராட்சை நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை 13 ரகங்களே பிடித்து வைத்திருக்கின்றன. 33 ரகங்களைச் சேர்த்தால் பாதி நிலம் முடிந்தது. மீதிப் பாதியில் பாக்கி எல்லோரும் பாயை விரித்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள்.

*

இந்த இடத்தில் குவே என்கிற அனாதைத் திராட்சையைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குப் பாவம் வரும்.

பிரான்ஸின் வடகிழக்கில் மத்திய காலத்தில் இரண்டு கொடிகள் அக்கம்பக்கமாக வளர்ந்தன. ஒன்று பினோ. பெரிய மனுஷத் திராட்சை. நல்ல சரிவு, நல்ல மண் எல்லாம் அதற்கு. இன்னொன்று குவே. வெள்ளை. குடியானவன் வீட்டுத் திராட்சை. பினோவுக்கு உதவாத மோசமான நிலத்தில் வளரும்; நிறையக் காய்க்கும்; ஒயின் புளிக்கும். பெயரே பழைய பிரெஞ்சு வசவிலிருந்து வந்தது என்பார்கள். பல ஊர்களில் இதை நடக்கூடாது என்று தடையே போட்டார்கள். துரத்தித் துரத்தி, கடைசியில் பிரான்ஸில் தோட்டங்களிலிருந்து அநேகமாக அழிந்தே போனது.

ஆனால் மோன்பெல்லியே பக்கத்தில் மத்தியதரைக் கடலோரம் வஸ்ஸால் என்று ஓர் அரசாங்கத் தோட்டம். 1949-ல் மணலில் ஆரம்பித்தது. மணலில் ஃபிலாக்ஸெராவால் வாழ முடியாது என்பதால் அந்த இடம். ஆயிரக்கணக்கான ரகங்களை வரிசையாக நட்டு வைத்திருக்கிறார்கள். விற்க இல்லை, சும்மா இருக்கட்டும் என்று. அங்கே குவேயும் நின்றுகொண்டிருந்தது. அரசாங்க ரிக்கார்டு ரூமில் யாரும் பிரிக்காத ஃபைல் மாதிரி.

1999-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் கெரோல் மெரிடித் குழுவினரும் பிரெஞ்சு விஞ்ஞானிகளும் சேர்ந்து, பிரபலத் திராட்சைகளின் டி.என்.ஏ.வை ஒப்பிட்டு 'சயன்ஸ்' பத்திரிகையில் ஒரு கட்டுரை போட்டார்கள். அந்தப் பிரதேசத்தின் 16 திராட்சை ரகங்களுக்கு அப்பா அம்மா யார் என்று பார்த்தால், ஒரு பக்கம் பினோ. எதிர்பார்த்ததுதான். இன்னொரு பக்கம்? சாட்சாத் குவே! அந்தப் பதினாறில் ஒன்று, ஒயின் உலகத்தின் இங்கிலீஷ் மீடியம் பிள்ளையான ஷார்டனே.

2010-ல் இன்னொரு ஆராய்ச்சி வந்தது. ஷார்டனேக்குக் குவே அப்பா இல்லை, அம்மா என்று கண்டுபிடித்தார்கள். நம் சினிமாவில் இடைவேளைக்கு அப்புறம் வருமே, பங்களா வாசலில் பாத்திரம் தேய்க்கிற அம்மாள்தான் ஹீரோவைப் பெற்ற தாய் என்று. அந்த சீன்தான். பின்னணியில் வயலின் மட்டும் இல்லை.

அதே தம்பதிக்குப் பிறந்த இன்னொரு வெள்ளைப் பிள்ளை அலிகோத்தே. ஷார்டனேக்குக் கூடப்பிறந்தது. அண்ணன் பர்கண்டியின் நல்ல சரிவுகளில் கலெக்டர் மாதிரி உட்கார்ந்திருக்க, தம்பிக்கு ரொம்ப நாளாகக் கிடைத்த உத்தியோகம், கருப்பு நிறப் பழ மதுவோடு கலந்து 'கீர்' என்ற காக்டெயில் போடுவது. பூஸெரோன் என்ற ஒரு கிராமத்துக்காரர்கள் மட்டும் பிடிவாதமாக அதை மதித்து ஒயின் செய்து, 1990-களின் பிற்பகுதியில் தங்கள் ஊர்ப் பெயரிலேயே தனி அங்கீகாரம் வாங்கினார்கள்.

குவேயும் முழுக்கப் போய்விடவில்லை. ஸ்விட்சர்லாந்தில் விஸ்ப் பக்கத்து மலைச்சரிவுகளில் 'க்வெஸ்' என்ற பெயரில் கொஞ்சம் நிற்கிறது. ஒயினும் போடுகிறார்கள். எலுமிச்சைச் சாறு மாதிரி இருக்கும் என்று குடித்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதைக் குடித்துப் பார்க்கிற ஆசை ரொம்ப இல்லை. ஆனால் வீட்டுக்குப் போய் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வரலாம்.

*

இப்போது என் ஃப்ரிட்ஜில் இருந்த பாட்டிலுக்கு வருகிறேன்.

டெர்டோனா என்பது திராட்சையின் பெயர் இல்லை. டோர்டோனா என்ற ஊருக்கு ரோமானியர் காலத்துப் பெயர். மிலான், டூரின், ஜெனோவா மூன்றுக்கும் நடுவில், ரயிலில் போகிறவர்கள் இறங்காமலே தாண்டிப்போகிற ஊர். திராட்சையின் பெயர் டிமொராஸோ.

பூச்சி வருவதற்கு முன்னால் அந்தக் குன்றுகளில் டிமொராஸோ ஏராளமாக இருந்தது. அப்புறம் ஏன் போனது? அதன் சர்வீஸ் ரிக்கார்டு அப்படி. பூக்கிற சமயத்தில் பாதிப் பூவைக் கொட்டிவிடும். மிஞ்சினதில் ஒரு குலையிலேயே ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. ஒரு வருஷம் காய்த்தால் அடுத்த வருஷம் நிச்சயமில்லை. பழுத்ததும் உதிரும்; மழை பெய்தால் அழுகும். பக்கத்திலேயே கோர்ட்டேஸே என்ற இன்னொரு வெள்ளைத் திராட்சை. ஒழுங்காக வரும், ஒழுங்காகக் காய்க்கும், லீவு போடாது. காவி என்ற பெயரில் அதன் ஒயின் நல்ல விலையும் போனது. நீங்கள் மேனேஜராக இருந்தால் யாரை வேலைக்கு வைப்பீர்கள்? டிமொராஸோவைப் பிடுங்கிவிட்டுக் கோர்ட்டேஸேயும், பார்பெரா என்கிற கறுப்பும் நட்டார்கள்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒவ்வொருத்தர் கணக்கையும் தனித்தனியாக எடுத்து நான் டாலி செய்தாலும் பிடுங்குவதுதான் சரி என்று வரும். ஆயிரம் பேர் ஆளுக்கொரு சரியான கணக்குப் போட்டதில், மொத்தத்தில் ஒரு ரகம் உலகத்தை விட்டுப் போகப் பார்த்தது. அந்த நஷ்டத்தை எழுத எந்த லெட்ஜரிலும் பக்கம் கிடையாது. நான் மூன்று வருஷம் அக்கவுன்டன்ஸி படித்தேன். ஒரு வாத்தியாரும் இதற்கு ஜர்னல் என்ட்ரி சொல்லித் தரவில்லை.

மோன்லெயாலே என்ற கிராமத்தில் வால்ட்டர் மாஸா என்ற விவசாயி. தலைமுறை தலைமுறையாகத் திராட்சைக் குடும்பம். தோட்டத்து வரிசைகளுக்கு நடுவில் பழைய டிமொராஸோ கொடிகள் சில, யாரும் பிடுங்கச் சோம்பல்பட்டு நின்றுகொண்டிருந்தன. அதுவரை அந்தப் பழமும் மற்றதோடு சேர்ந்து ஒரே தொட்டியில் போய்க்கொண்டிருந்தது. 1987-ல் மாஸா அதைத் தனியாகப் பறித்துத் தனியாக ஒயின் செய்து பார்த்தார். ஐந்நூற்றுச் சொச்சம் பாட்டில். அவ்வளவுதான்.

செய்து பார்த்ததில் தெரிந்தது: வால் ஆட்டுகிற திராட்சைதான், ஆனால் சரக்கு இருக்கிறது. புளிப்பும் திடமும் சேர்ந்த ஒயின். அந்தப் பக்கத்து வெள்ளை ஒயினெல்லாம் அடுத்த கோடைக்குள் குடித்துவிட வேண்டியவை. இது அப்படி இல்லை. வைக்க வைக்க மாறியது. முதல் வருஷம் முரட்டுத்தனமாக இருந்தது, நாலைந்து வருஷத்தில் தேன் மாதிரி, பத்து வருஷத்தில் வேறு என்னமோ மாதிரி.

அவர் அதை விடவில்லை. குச்சி வெட்டிப் புதுத் தோட்டம் போட ஆரம்பித்தார். அதில் ஒரு சரிவின் பெயர் கோஸ்டா டெல் வென்டோ. காற்றுச் சரிவு.

இதே ஐடியாவோடு நான் நம்மூர் பேங்க் ஒன்றுக்கு லோன் கேட்டுப் போனால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்து பார்த்தேன்.

"உட்காருங்க. என்ன பயிர்?"

"திராட்சை சார். டிமொராஸோ."

"கேள்விப்பட்டதில்லையே. மார்க்கெட் இருக்கா?"

"யாரும் கேள்விப்பட்டதில்லை சார். அதனால மார்க்கெட் இல்லை."

"சரி, மகசூல் எப்படி?"

"பூ பாதி கொட்டிடும் சார்."

"பக்கத்துல யாராவது போட்டிருக்காங்களா?"

"போட்டிருந்தாங்க சார். எல்லாரும் பிடுங்கிட்டாங்க."

"எப்பத்திலேருந்து வருமானம் வரும்?"

"கொடி காய்க்க மூணு வருஷம் சார். ஒயினாக்கி வெக்கிறதுக்கு ஒரு வருஷம், ஒன்றரை வருஷம். அப்புறம் வாங்கறவங்களை இன்னும் அஞ்சு வருஷம் வெச்சிருந்து குடிங்கன்னு சொல்லணும்."

மேனேஜர் மணி அடித்து டீ சொல்வார். டீ வந்ததும் ஃபிக்ஸட் டெபாஸிட் வட்டி விகிதத்தை மிகவும் அன்பாக விளக்குவார்.

மாஸாவுக்குக் கடன் கிடைத்ததா இல்லையா என்பது வேறு கதை. கோர்ட்டேஸேயும் பார்பெராவும் சோறு போட, அந்தக் காசில் டிமொராஸோவை வளர்த்தார் என்பதுதான் என் கணக்கு. கொஞ்ச நாளில் பக்கத்துக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். டானியேலே ரிச்சி, கிளாவ்டியோ மரியோட்டோ என்று ஒவ்வொருவராக அவர்களும் டிமொராஸோ போட்டார்கள். கவனியுங்கள்: கூட ஆள் சேர்ந்ததுதான் இதில் திருப்பம். ஒருத்தர் மட்டும் செய்தால் அது பைத்தியம். பத்துப் பேர் செய்தால்தான் அது ஓர் ஊர். எல்லோரும் லேபிளில் திராட்சை பெயரைவிட 'டெர்டோனா' என்று ஊர்ப் பெயரை முன்னால் போட ஆரம்பித்தார்கள். அது கெட்டிக்காரத்தனம். திராட்சைக் குச்சியை யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய் நடலாம். ஊரை வெட்டி எடுத்துக்கொண்டு போக முடியாது.

1987-ல் விரல் விட்டு எண்ணுகிற கொடிகள். இன்றைக்கு 300 ஹெக்டேருக்கு மேல்.

*

இங்கேயே சுபம் போட்டிருக்கலாம். ஆனால் காமர்ஸ் புத்தி விடவில்லை.

டிமொராஸோ பேசப்பட்டதும் யார் வந்தார்கள்? பரோலோவின் பெரிய கைகள். பொர்கோன்யோ, ரோவான்யா, லா ஸ்பினெட்டா என்று சிவப்பு ஒயினில் பேர் வாங்கின வீடுகள் ஒவ்வொன்றாக டோர்டோனா குன்றுகளில் நிலம் பிடித்தன. பரோலோவில் நிலத்தின் விலை நம் தி.நகர் மாதிரி, இங்கே அப்போது செங்கல்பட்டுக்கு அப்பால் மாதிரி. வந்தவர்களில் ஒரு பெயரைப் பார்த்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வியெட்டி! 1967-ல் பாதிரியாரிடம் சொல்லி ஆர்னெய்ஸ் சேகரித்த அதே வியெட்டி. (குர்ராடோ 2010-ல் காலமாகிவிட்டார். 2016-ல் நிறுவனம் ஓர் அமெரிக்கக் குடும்பத்துக்குக் கைமாறியது.)

பெரியவர்கள் வந்தால் நல்லதா, கெட்டதா? விற்பனைக்கு நல்லது. நியூயார்க் ரெஸ்டாரன்ட்டில் மாஸா பெயரைச் சொன்னால் புரியாது, பரோலோக்காரர் பெயரைச் சொன்னால் புரியும். ஆனால் ஆர்னெய்ஸுக்கு என்ன ஆனது என்று பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கலக்கம். 1970-களில் அதை ஒழுங்காகப் போட்டவர்கள் வியெட்டியும் புரூனோ ஜியாகோஸாவும்தான் என்று சொல்வார்கள். பிறகு ஃபேஷன் ஆனது. எல்லோரும் நட்டார்கள். 2004-ல் இத்தாலியின் உச்ச அந்தஸ்து முத்திரையும் கிடைத்தது. இப்போது ஆர்னெய்ஸில் பிரமாதமானதும் உண்டு. ஜில்லென்று இருப்பதைத் தவிர வேறொன்றும் சொல்வதற்கில்லாததும் நிறைய உண்டு. காப்பாற்றப்பட்டது நிஜம். கூட்டத்தில் கொஞ்சம் காணாமல் போனதும் நிஜம்.

இருந்தாலும், வியோன்யே கதையைப் பார்த்தால் பயப்படவும் தோன்றவில்லை. பிரான்ஸில் ரோன் நதிக்கரையில் கோந்த்ரியூ என்ற ஊரின் செங்குத்தான படிச்சரிவுகளில் மட்டும் இருந்த வெள்ளைத் திராட்சை அது. 1960-களில் அங்கே மிஞ்சியது சில ஹெக்டேர். மற்றவர்கள் அந்தப் படிகளை அம்போ என்று விட்டுவிட்டு இறங்கியபோது, ஜார்ஜ் வெர்னே என்பவர் கல்லை அடுக்கி அடுக்கித் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார். 2017-ல்தான் இறந்தார். அந்தக் குச்சி இன்றைக்கு உலகம் பூராவும் போய்விட்டது. பெங்களூர் பக்கம் நந்தி மலை அடிவாரத்து குரோவர் கம்பெனிகூட வியோன்யே ஒயின் போட்டிருக்கிறது. எல்லாமே கோந்த்ரியூ மாதிரி இருக்காது, சரி. ஆனால் இனிமேல் அதை அழிக்க ஒரு பூச்சியாலும் முடியாது.

பெக்கொரினோ என்று இன்னொன்று. மத்திய இத்தாலியில் ஆட்டு மந்தைகள் போகிற வழியில் வளர்ந்த வெள்ளைத் திராட்சை; 'ஆட்டுக்காரத் திராட்சை' என்று பெயருக்கு அர்த்தம். 1980-களின் தொடக்கத்தில் குயிடோ கொச்சி க்ரிஃபோனி என்பவர் ஆர்க்வாட்டா டெல் ட்ரோன்டோ என்ற மலைக் கிராமத்துப் பழைய தோட்டம் ஒன்றில் இதைக் கண்டுபிடித்து, குச்சி வெட்டிக்கொண்டு வந்து தன் நிலத்தில் வைத்தார். 2016 ஆகஸ்டில் பூகம்பம் வந்து அந்த ஆர்க்வாட்டா கிராமம் இடிந்து நொறுங்கியது. அதற்கு முப்பது வருஷம் முன்னாலேயே குச்சிகள் மலையை விட்டு இறங்கிவிட்டிருந்தன.

*

நாலாம் நாள் ராத்திரி மோருக்காக ஃப்ரிட்ஜைத் திறந்தேன். பாட்டில் நின்றுகொண்டிருந்தது. இவ்வளவு படித்தபிறகு சும்மா இருக்க முடியவில்லை. சின்ன டம்ளரில் கொஞ்சம் ஊற்றினேன். மண்ணெண்ணெய் வாடை என்று அவர் சொன்னது பொய்யில்லை. வயசாகிற வெள்ளை ஒயின்கள் சிலவற்றில் அப்படி ஒன்று உண்டாவது இயற்கைதானாம். ரீஸ்லிங் என்ற ஜெர்மன் திராட்சையில் அதற்காகவே ரசிகர்கள் இருக்கிறார்களாம். (ரீஸ்லிங்கின் பெற்றோரில் ஒன்று யார் தெரியுமா? மறுபடியும் நம் குவே. அந்த அம்மாள் சும்மா இருந்ததே இல்லை போலிருக்கிறது.)

ஆனால் இப்போது அந்த வாடை பின்னுக்குப் போயிருந்தது. முன்னால் வந்து நின்றது தேன். அப்புறம் காய்ந்த புல்லோ, ஈரக்கல்லோ ஏதோ ஒன்று. எனக்கு வர்ணிக்கத் தெரியவில்லை.

நண்பருக்கு போன் போட்டேன். "சார், அது கெட்டுப்போகலை."

"அப்படியா! மீதி இருக்கா?"

இல்லை என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. அவர் குரலில் ஒரு நிமிஷம் மௌனம். அடுத்த மாசம் மறுபடி மிலான் போகிறாராம். லிஸ்ட் எழுதிக் கொடுக்கச் சொன்னார். டெர்டோனா ஒன்று, ஆர்னெய்ஸ் ஒன்று, பெக்கொரினோ ஒன்று என்று எழுதி, பெக்கொரினோவுக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் 'பாட்டில்' என்று போட்டு இரண்டு தடவை அடிக்கோடு இழுத்திருக்கிறேன். இத்தாலியில் பெக்கொரினோ என்று கேட்டால் முதலில் எடுத்து நீட்டுவது ஆட்டுப்பால் சீஸ். மனுஷர் அரைக் கிலோ வாங்கிக்கொண்டு வந்து நின்றாலும் நிற்பார்.